ராஜாஜி கணக்கு, காமராஜர் கணக்கு

15 ஜூலை 2023, காலை 8.10

வாசகர் ஒருவரின் கேள்வி: "காமராஜர் பிறந்தநாள் வந்தால் போதும், கூடவே ராஜாஜியை இழுத்துவந்து நிறுத்திவிடுகிறீர்கள். அவர் முதல்வராக இருந்ததே இரண்டு வருடம். மிச்சம் வைத்துவிட்டுப் போனது குலக்கல்வி என்ற கெட்ட பெயர். இந்த இரண்டு பேரையும் ஒரே தராசில் வைப்பதே காமராஜருக்கு அவமானம் இல்லையா?"

15 ஜூலை 2023, காலை 9.35

இரண்டு வருடம் இல்லை. 1937 ஜூலையிலிருந்து 1939 அக்டோபர் வரை ஒரு முறை, 1952 ஏப்ரலிலிருந்து 1954 ஏப்ரல் வரை இன்னொரு முறை. கூட்டினால் நாலேகால் வருடம். காமராஜர் ஒரே மூச்சில் ஒன்பதரை. சரி, இது வாத்தியார் வேலை, விடுவோம்.

ஒரே தராசில் வைக்கலாமா என்றால், எங்கள் வீட்டில் அறுபது வருடமாக வைத்துத்தான் சண்டை போட்டார்கள். ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம், கைத்தறிக் குடும்பம். அப்பா காமராஜர் கட்சி. பாட்டி ராஜாஜி கட்சி. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பின்னால் ராஜாஜி ஆரம்பித்த சுதந்திராக் கட்சி என்ன சொல்கிறது என்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ராஜாஜி கள்ளுக்கடையை மூடினவர், அவ்வளவுதான். 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் ஜில்லாவில். பாட்டிக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தாத்தா வாரக் கூலியோடு நேராக வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். (போர் சமயத்தில் கடை மறுபடி திறந்ததும் தாத்தாவும் மறுபடி திறந்தார் என்பது தனிக்கதை. 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்த பிறகுதான் வீடு அடங்கியது. அது ஓமந்தூரார் முதல்வராக இருந்த காலம், ஆனால் பாட்டி அந்தப் புண்ணியத்தையும் ராஜாஜி கணக்கிலேயே எழுதிவிட்டாள்.)

அப்பா பேச்சை எடுத்தாலே 1953தான், ராஜாஜியின் குலக்கல்வித் திட்டம். காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம், ஆளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மிச்ச நேரம் வீட்டில் அப்பன் தொழிலைப் பார். "எனக்கு ஒரு வருஷப் படிப்பு போச்சு" என்பார். நான் இதைக் கேட்டு வளர்ந்தவன், அதனால் என் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

15 ஜூலை 2023, இரவு 10.50

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "உங்கள் அப்பா பிறந்த வருடம் என்ன?" என்று கேட்டிருக்கிறார். 1947. அப்படியானால் 1953இல் ஒன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பில் மூன்று மணி நேரத்துக்கு மேல் என்ன படித்துவிடப் போகிறார் என்கிறார். நியாயமான கேள்வி. அப்பா இல்லை, கேட்க முடியாது. அத்தை இருக்கிறார், கேட்டுவிட்டு வருகிறேன்.

17 ஜூலை 2023, மாலை 6.20

அத்தையை இன்னும் கூப்பிடவில்லை. அதற்குள் வாட்ஸாப் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"எழுத்தறிவு வெள்ளைக்காரன் காலத்தில் 7 சதவீதம், காமராஜர் 37 சதவீதம் ஆக்கினார்." இந்த வரியை நானே மேடையில் பேசியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இந்தப் பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எழுத்து தெரியும். 1961இல் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். பத்து வருடத்தில் இவ்வளவு ஏறியதே பெரிய விஷயம். அதற்கு ஏழில் ஆரம்பிக்கும் பொய் ஒன்று எதற்கு?

அப்புறம் மதிய உணவு. அதை முதலில் போட்டவர் காமராஜர் இல்லை. 1920இல் நீதிக்கட்சிக் காலத்தில், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கியது. காமராஜர் செய்தது அதை ஊரூருக்குக் கொண்டுபோனது. எட்டயபுரத்தில் 1956இல் தொடங்கி வைத்தார். ஒரு பள்ளியில் சோறு போடுவதற்கும் மாநிலம் முழுக்கப் போடுவதற்கும் நடுவில் எத்தனை அடுப்பு, எத்தனை மூட்டை, எத்தனை கையெழுத்து என்று ஒரு கல்யாணத்துக்காவது பந்தி பார்த்தவர்களுக்குப் புரியும்.

17 ஜூலை 2023, மாலை 6.45

"அப்போ நீ ராஜாஜி ஆளா?" இல்லை அண்ணே. பாட்டி ஆள்.

22 ஜூலை 2023, காலை 11.15

அத்தையிடம் பேசினேன். எழுபத்தொன்பது வயது, காது மந்தம், ஞாபகம் கூர்மை.

அப்பாவுக்கு ஒன்றும் போகவில்லையாம். "அவனுக்கு அது லீவு மாதிரிடா. பாதி நாள் பம்பரம் விட்டான்" என்கிறார். அப்பா ஐம்பது வருடம் சொன்ன துயரக் கதை ஒரு வரியில் முடிந்தது.

படிப்பு நின்றது அத்தைக்கு. 1953இல் ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. காலைக் கூட்டம் முடிந்து வந்ததும் ராட்டையில் உட்கார்ந்து தறிக்கான நூலைத் தார் சுற்றுவார். கை வேகம். அத்தை சுற்றிக் கொடுத்தால் தாத்தாவின் தறி நிற்காமல் ஓடும். அடுத்த வருடம் திட்டம் போய்ப் பள்ளி முழுநாள் ஆனது. எல்லாப் பிள்ளைகளும் போனார்கள், அத்தை போகவில்லை.

நான் எதிர்பார்த்த வசனம் வரப்போகிறது என்று பேனாவை எடுத்துக்கொண்டு, "அப்போ ராஜாஜிதானே அத்தை?" என்றேன்.

"அவரு என்னடா பண்ணுவாரு? உங்க தாத்தாதான் போதும்னாரு. ராஜாஜி வரலேன்னாலும் அடுத்த வருஷம் நிறுத்தியிருப்பாரு. வயசுக்கு வந்துட்டா எந்தப் பொண்ணு போச்சு அப்போ?"

பேனாவை மூடிவைத்தேன். தாத்தா அதற்கு முன்பே முடிவு செய்திருந்தாரா, பாதி நாள் பள்ளி அவருக்கு வசதியாக வழிகாட்டியதா என்று அத்தைக்கே இன்று பிரித்துச் சொல்ல முடியாது.

23 ஜூலை 2023, காலை 7.30

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், திட்டத்தின் நோக்கம் நல்லது, ஜாதித்தொழில் என்பது எதிரிகள் ஒட்டிய பெயர் என்கிறார். நோக்கத்தைப் பற்றி நான் சண்டை போடத் தயாரில்லை. பணம் இல்லை, கட்டடம் இல்லை, வாத்தியார் இல்லை. ஒரே கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகளை உட்கார வைக்கக் கணக்குப் போட்டார் ராஜாஜி. கணக்காகப் பார்த்தால் சரியான கணக்கு. ஆனால் மிச்ச நேரத்தில் அப்பன் தொழில் என்று சொன்னால், அப்பன் செருப்பு தைப்பவனாக இருக்கிற வீட்டில் அது எப்படிக் காதில் விழும் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. சட்டசபையைக் கேட்கவில்லை, தன் கட்சியைக்கூடக் கேட்கவில்லை. 1953 ஜூலையில் திட்டத்தைக் கைவிடச் சொல்லும் தீர்மானம் வந்தபோது 138க்கு 138 என்று நின்றது. ஆளும் கட்சிக்கு அது தோல்வி மாதிரிதான்.

அவர் வந்த விதமும் அப்படி. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு 375இல் 152 இடம். ஆட்சி அமைக்க ஆள் இல்லாமல் இவரைக் கூப்பிட்டார்கள். தேர்தலில் நிற்கவே இல்லை, ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார். ஓட்டுக் கேட்டு ஒரு தெருவில் நடக்காதவர் ஒவ்வொரு தெருப் பள்ளியையும் மாற்ற நினைத்தார்.

அதே கேட்காத குணம்தான் 1952இல் அரிசிக் கட்டுப்பாட்டை ஒரேயடியாக எடுத்துவிடவும் வைத்தது. பஞ்சம் வரும் என்றார்கள், வரவில்லை. ஜனங்கள் ரேஷன் வரிசையிலிருந்து வீட்டுக்குப் போனார்கள். அதை யாரும் பிறந்தநாளில் பேசுவதில்லை. வரிசையில் நின்றதை நினைவு வைத்திருப்போம், வரிசை காணாமல் போனதை யார் நினைவு வைத்திருப்பார்கள்?

23 ஜூலை 2023, காலை 7.50

இன்னொன்று விட்டுப்போனது. வேட்டி, சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று அந்த ஆட்சியில் டெல்லியோடு மல்லுக்கு நின்றவரும் அவர்தான். எங்கள் தாத்தா கள்ளை மூடினதற்குத் திட்டிக்கொண்டே இதற்காகக் கும்பிட்டாராம். அத்தை சொன்னது.

30 ஜூலை 2023, பகல் 2.05

சேலத்துக்காரர் ஒருவர், "காமராஜர் கட்டின பள்ளி கண்ணுக்குத் தெரிகிறது, அணை தெரிகிறது. ராஜாஜி கட்டினதை ஒன்று காட்டுங்கள்" என்று சவால் விட்டிருக்கிறார்.

உங்கள் பையில் இருக்கிற மளிகைக்கடை ரசீதை எடுங்கள். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் ராஜாஜி பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவில் ஒரு மாகாணம் போட்ட முதல் பொது விற்பனை வரி அது. வியாபாரிகள் கொதித்தார்கள். அப்புறம் மற்ற மாநிலங்களும் பின்னால் வந்தன, 2017இல் ஜிஎஸ்டி விழுங்கும் வரைக்கும் மாநிலங்களின் முதுகெலும்பு அதுதான். காமராஜர் ஆட்சியில் பள்ளிகள் கிட்டத்தட்ட இருமடங்கு ஆனதே, சாத்தனூர், வைகை, அமராவதி, மணிமுத்தாறு என்று அணைகள் எழுந்தனவே, அந்தக் கஜானாவில் இந்த வரியும் இருந்தது.

இதைச் சொன்னால் ராஜாஜி ஆட்களுக்குச் சந்தோஷம், காமராஜர் ஆட்களுக்குக் கோபம். இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். பணம் காமராஜருக்கு அடுத்து முதல்வரான பக்தவத்சலம் காலத்திலும்தான் இருந்தது.

30 ஜூலை 2023, மாலை 4.40

கடைசி வரிக்கு அடி விழுகிறது. வாபஸ். பக்தவத்சலம் காலத்தில் அரிசி இல்லை, இந்திப் போராட்டம் வேறு. ஒப்பிடுவது நியாயமில்லை.

6 ஆகஸ்ட் 2023, இரவு 9.30

காமராஜரின் தனித்திறமை என்ன என்று என்னைக் கேட்டால் அணையையோ பள்ளியையோ சொல்லமாட்டேன். 1954 ஏப்ரலைச் சொல்வேன். கட்சித் தலைவர் தேர்தலில் ராஜாஜி அணியின் சி.சுப்பிரமணியம் எதிர்த்து நின்றார். 93க்கு 41. ஜெயித்தவர் தோற்றவரை என்ன செய்வார் என்று நமக்குத் தெரியும். இவர் சி.எஸ்ஸையும், அவருக்குத் துணை நின்ற பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்தார். தன்னையும் சேர்த்து மொத்தமே எட்டுப் பேர். நிதி, கல்வி இரண்டும் சி.எஸ் கையில். குலக்கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்று மே மாதம் அறிவித்தவரும் சி.எஸ்தான், ராஜாஜி அமைச்சரவையில் இருந்த அதே சி.எஸ்.

அதற்கு முன்பே கட்சிக்குள் ஆள் வைப்பதில் அவர் கை தேர்ந்தவர். முதல்வர் நாற்காலியில் 1946இல் பிரகாசம், 1947இல் ஓமந்தூரார், 1949இல் குமாரசாமி ராஜா, மூன்றிலும் காமராஜர் கை உண்டு. டெல்லியில் சாஸ்திரி, இந்திரா என்று பின்னால் செய்ததற்கு ஒத்திகை சத்தியமூர்த்தி பவனிலேயே நடந்துவிட்டது.

7 ஆகஸ்ட் 2023, காலை 6.15

தூங்கி எழுந்ததும் ஞாபகம் வந்தது: சத்தியமூர்த்தி பவன் என்ற கட்டடம் அப்போது ஏது? கட்சி அலுவலகத்தில் என்று படித்துக்கொள்ளவும். சத்தியமூர்த்தி 1943இலேயே காலமாகிவிட்டார்.

7 ஆகஸ்ட் 2023, பகல் 1.00

இருவருக்கும் தனிப்பட்ட பகை இருந்ததா என்கிறார்கள். காங்கிரஸுக்குள் ராஜாஜிக்கு எதிராக சத்தியமூர்த்தி அணி, அந்த அணியின் ஆள் காமராஜர். 1942இல் ராஜாஜி வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை ஏற்காமல் காங்கிரஸை விட்டுப் போனார். அந்த மூன்று வருடமும் காமராஜர் சிறையில். வெளியே வந்து பார்த்தால் ராஜாஜி திரும்பக் கட்சிக்குள். எனக்கும் கோபம் வந்திருக்கும். 1946இல் காந்தி சென்னைக்கு வந்துபோன பிறகு ஹரிஜன் இதழில் ராஜாஜிக்கு எதிராக இங்கே ஒரு சிறு கும்பல் வேலை செய்கிறது என்ற பொருளில் எழுதினார். காமராஜர் கட்சியின் பார்லிமென்டரி போர்டிலிருந்து விலகினார். காந்தியையே எதிர்த்துப் பேசாமல், ஆனால் பேசாமலும் இருக்காமல். அந்த ராஜினாமாவில் அவர் முழுதாகத் தெரிகிறார் எனக்கு.

25 ஆகஸ்ட் 2023, இரவு 8.00

இன்று திருக்குவளையில் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரித்திருக்கிறார்கள். 1920, 1956, 1982 (எம்ஜிஆர் சத்துணவு), 1989 (முட்டை), இப்போது இது. ஒருவர் போட்ட இலையை அடுத்தவர் எடுக்கவில்லை, ஒரு பதார்த்தம் சேர்த்தார். அத்தைக்கு டிவியில் காட்டினேன். "உப்புமாவா?" என்றார். "கிச்சடி" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

10 செப்டம்பர் 2023, காலை 10.20

இழை எங்கேயோ போகிறது, ஆனால் இதைக் கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும்: "1938இல் இந்தியைத் திணித்தவர் ராஜாஜி. அந்தப் பழி கடைசியில் காமராஜர் தலையில் எப்படி விழுந்தது?"

அரசியலில் நான் பார்த்த பெரிய வேடிக்கை அது. ராஜாஜி ஐம்பதுகளின் கடைசியில் இந்தி ஆட்சிமொழிக்கு எதிரியாக மாறினார். 1967இல் திமுகவோடு கூட்டு. 1965இல் இந்திப் போராட்டம் வெடித்தபோது காமராஜர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். இந்தியை அவசரமாகக் கொண்டுவராதே என்று நிஜலிங்கப்பா, சஞ்சீவ ரெட்டி, அதுல்ய கோஷ் இவர்களோடு சேர்ந்து சொன்னவர் அவர். சொன்னது டெல்லியில் காது உள்ளவர்களுக்குக் கேட்டது, விருதுநகரில் கேட்கவில்லை. 1967இல் சொந்த ஊரில் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

அப்பா அன்று சாப்பிடவில்லையாம். பாட்டி மட்டும் சாப்பிட்டாளாம், கொஞ்சம் கூடுதலாக.

2 அக்டோபர் 2023, மாலை 5.30

காமராஜர் நினைவு நாள். 1963இல் இதே தேதியில்தான் முதல்வர் பதவியை விட்டார், 1975இல் இதே தேதியில் போனார்.

பதவியை விட்டது சரியா? பலர் மாலை போடுகிறீர்கள். எனக்கு வரவரச் சந்தேகம். மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் திட்டம், நேருவுக்கும் பிடித்தது. அவர் போனார். கட்சி வளர்ந்ததா? நாலே வருடத்தில் இந்த மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி முடிந்தது, இன்றுவரை திரும்பவில்லை. 1966இல் இந்திராவைப் பிரதமராக்கினார், 1969இல் கட்சி உடைந்து இவர் ஒரு பக்கம், இந்திரா ஒரு பக்கம். ஊரில் ஆள் எடை போடத் தெரிந்த கண்ணுக்கு டெல்லி வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். அடிக்க வருபவர்கள் வரிசையாக வரவும்.

2 அக்டோபர் 2023, மாலை 6.10

வந்துவிட்டார்கள். "சாஸ்திரியைத் தேர்ந்தெடுத்ததும் அதே கண்தான்." ஆமாம். ஏற்கிறேன். ஒன்றுக்கு ஒன்று.

5 அக்டோபர் 2023, இரவு 11.00

ராஜாஜியின் சுதந்திராக் கட்சியை மறந்துவிட்டோம் என்கிறார் ஒருவர். எண்பது வயதில், 1959இல், ஒரு கட்சி ஆரம்பிக்க ஒரு தெம்பு வேண்டும். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் திட்டியதைத்தான் 1991இல் காங்கிரஸே அவிழ்த்தது. 1967இல் மக்களவையில் 44 இடம். அவர் போன இரண்டு வருடத்தில் கட்சியே கலைந்துவிட்டது. கருத்து இருந்தது, ஆள் சேர்க்கத் தெரியவில்லை. காமராஜரிடம் நேர்மாறு.

1971இல் இரண்டும் சேர்ந்தது. காமராஜர் பக்கத்துப் பழைய காங்கிரஸும் சுதந்திராவும் கூட்டணி, தொண்ணூற்றிரண்டு வயதில் ராஜாஜி, அறுபத்தேழில் காமராஜர், ஒரே மேடை. மூளையும் ஆள்பலமும் சேர்ந்தாயிற்று, என்ன ஆனது? திமுக 184 இடம். பழைய காங்கிரஸுக்கு 15. அப்பாவும் பாட்டியும் ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போட்டது அந்த ஒரு தடவைதான், தோற்றதும் சேர்ந்தே.

அதே வருடம் மதுவிலக்கு தளர்ந்தது. வேண்டாம் என்று ராஜாஜி கருணாநிதியை நேரில் பார்த்துக் கேட்டும் நடக்கவில்லை. பாட்டி அதற்கு அப்புறம் யாருக்கும் ஓட்டுப் போடப் போகவில்லை.

25 டிசம்பர் 2023, பகல் 12.40

ராஜாஜி நினைவு நாள். இழை ஏற்கெனவே தூங்கிவிட்டது, ஆனால் ஒரு விஷயத்தை எழுதிவிட வேண்டும்.

போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பா படித்த பள்ளிக்குள் நுழைந்தேன். புதுக் கட்டடம் வந்தாயிற்று, பழைய சாமான்களை ஓட்டுத் தாழ்வாரத்தில் அடுக்கியிருக்கிறார்கள். காமராஜர் காலத்தில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, 1958இலிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று நடத்தினார்கள். அரசு கொஞ்சம், ஊர் கொஞ்சம். ஊர்க்காரர்கள் பெஞ்ச், நாற்காலி, தண்ணீர்ப் பானை, சுண்ணாம்பு, நிலம் என்று கொடுத்தார்கள். பணம் இல்லாத அதே ஊர்கள்தான். ராஜாஜிக்கு இல்லாத பணம் இவருக்கு இப்படித்தான் கிடைத்தது, கேட்டார், கொடுத்தார்கள். விற்பனை வரி பற்றி ஜூலையில் பெரிதாக எழுதினேனே, அதற்குப் பக்கத்தில் இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குவியலில் ஒரு பெஞ்ச். முதுகில் வெள்ளைப் பெயிண்டில் "உபயம்" என்று எழுதி, பாதி அழிந்து, கீழே எங்கள் தாத்தா பெயர். 1959.

பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத மனுஷன் பள்ளிக்கு பெஞ்ச் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பதா திட்டுவதா தெரியவில்லை. போனில் படம் எடுத்து வந்து அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, படத்தைக் கிட்டக் கொண்டுபோய், எட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஒண்ணு இல்லடா. ரெண்டு குடுத்தாரு. நான் தார் சுத்தின காசு அது."

இன்னொரு பெஞ்ச் அந்தக் குவியலில் இல்லை. பொங்கலுக்குப் போகும்போது தேட வேண்டும்.